தலை சுற்றுவது ஏன்? – மீன் தலைக் கல்லும் காதுக்குள் இருக்கும் கல்லும்

தண்டையார்பேட்டையில் எந்த மருந்துக் கடை வாசலிலும் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். "ரெண்டு நாளா ஒரே மயக்கமா இருக்குண்ணா, ஏதாவது மாத்திரை குடு" என்று யாராவது ஒருவர் கேட்டுக்கொண்டு நிற்பார். கடைக்காரரும் ஒரு சின்ன மாத்திரையைக் கிழித்துக் கொடுத்து விடுவார். வீட்டுக்குப் போனால் பெரியவர்கள், "பித்தம் தலைக்கேறிடுச்சு, எலுமிச்சம்பழம் புழிஞ்சி குடி" என்பார்கள். பக்கத்து வீட்டு அக்கா, "கழுத்து எலும்பு தேஞ்சிருக்கும், எக்ஸ்ரே எடுத்துப் பாரு" என்பார். இன்னொருவர், "பிபி ஏறியிருக்கும்" என்று முடித்து விடுவார்.

ஆளுக்கொரு காரணம்! ஆனால் இவர்களில் ஒருவர்கூட கேட்காத கேள்வி ஒன்று உண்டு. "மயக்கம்னா என்ன பண்ணுது? எப்ப பண்ணுது? எவ்ளோ நேரம் பண்ணுது?" என்பதே அது.

இந்தக் கேள்வி ஏன் முக்கியம்? மயக்கம் என்று சொல்லப்படும் தொல்லைகளில் ஒரு வகையை மாத்திரையே இல்லாமல் ஐந்து நிமிடத்தில் சரி செய்து விடலாம். இன்னொரு வகைக்கு நாலரை மணி நேரத்துக்குள் மருத்துவமனையில் ஊசி போட்டாக வேண்டும். தாமதித்தால் உயிரோ, கை கால்களோ போய்விடும். இரண்டுமே நம் தெருவில் ஒரே பெயரில்தான் அழைக்கப்படுகின்றன என்பதுதான் சிக்கல்.

ஒரு சொல், நான்கு தொல்லைகள்

"மயக்கம்" என்று நாம் சொல்வதைப் பிரித்துப் பார்த்தால் குறைந்தது நான்கு வகை தெரியும்.

1. சுற்றல்: நாம் சும்மா இருக்கும்போதே அறை சுற்றுவது போலவோ, நாமே சுற்றுவது போலவோ தோன்றுவது. ராட்டினத்திலிருந்து இறங்கியவுடன் வருமே, அதுபோல. மருத்துவர்கள் இதை "வெர்டிகோ" என்கிறார்கள்.

2. கண் இருட்டல்: எழுந்து நின்றவுடன் கண்ணை இருட்டிக்கொண்டு வந்து, விழுந்து விடுவோமோ என்று தோன்றுவது. சில சமயம் உண்மையிலேயே விழுவதும் உண்டு.

3. தள்ளாட்டம்: உட்கார்ந்தால் ஒன்றுமில்லை, நடந்தால் மட்டும் கால் நிலை கொள்ளாமல் போவது.

4. கிறுகிறுப்பு: இன்னதென்று சொல்ல முடியாமல் தலை லேசாகி, எங்கோ மிதப்பது போல இருப்பது.

முன்பெல்லாம் மருத்துவர்கள் இந்தப் பிரிவை வைத்தே நோயைக் கண்டுபிடிக்க முயன்றார்கள். இன்று அது மட்டும் போதாது என்று தெரிந்திருக்கிறது. ஒரே ஆள் காலையில் "சுத்துது" என்றும் மாலையில் "கிறுகிறுங்குது" என்றும் சொல்வார். அவர் மேல் தவறில்லை, அந்த உணர்வைச் சொல்வது அவ்வளவு கடினம். அதனால் இப்போது எந்தச் சொல் என்பதைவிட எவ்வளவு நேரம் இருக்கிறது, எதைச் செய்தால் வருகிறது, கூடவே வேறு என்ன வருகிறது என்ற மூன்றையும்தான் முக்கியமாகக் கேட்கிறார்கள்.

பன்னா மீனின் தலைக்குள்...

காசிமேட்டுப் பக்கம் மீன் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். பன்னா மீனின் தலையைக் கடித்தால் பல்லில் "நறுக்" என்று ஏதோ மாட்டும். எடுத்துப் பார்த்தால் வெள்ளை வெளேரென்று ஒரு கல். இன்னொரு பக்கத்திலும் அதே போல ஒன்று இருக்கும். அது மீனின் காதுக் கல். பன்னா குடும்பத்து மீன் இனம் ஒன்றுக்கு விஞ்ஞானிகள் வைத்திருக்கும் "ஓட்டோலித்தஸ்" என்ற பெயருக்கே காதுக் கல் என்றுதான் பொருள்! மரத்தில் வளையம் இருப்பது போல இந்தக் கல்லிலும் வளையங்கள் உண்டு. அவற்றை எண்ணி மீனின் வயதைக் கணக்கிடுகிறார்கள்.

மீனுக்கு எதற்குக் கல்? எது மேல், எது கீழ் என்று இருட்டான கடலுக்குள்ளும் தெரிந்துகொள்ளத்தான். கல் எந்தப் பக்கம் சாய்கிறதோ அதை வைத்து மீனின் மூளை நிலையைப் புரிந்துகொள்கிறது.

மனிதனின் உள்காதிலும் இதே ஏற்பாடு உண்டு. ஒரே பெரிய கல்லுக்குப் பதிலாக, கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான துகள்கள் பசை போன்ற ஒரு படலத்தின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மீனின் கல்லும் நம் துகளும் ஒரே பொருள்தான், கால்சியம் கார்பனேட். கடற்கரையில் கிடக்கும் கிளிஞ்சலும் அதேதான்.

இந்தத் துகள்களுக்குப் பக்கத்தில் மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. அவற்றுக்குள் திரவம் இருக்கிறது. தண்ணீர்க் குடத்தை வெடுக்கென்று திருப்பினால் குடம் திரும்பிவிடும், உள்ளே தண்ணீர் கொஞ்சம் பின்தங்கும் அல்லவா? தலையைத் திருப்பும்போது குழாய்க்குள்ளும் அதுவே நடக்கிறது. அந்தப் பின்தங்கலை அளந்துதான் "தலை இந்தப் பக்கம் திரும்பியது" என்று மூளை தெரிந்துகொள்கிறது.

காது சொல்வதை மட்டும் மூளை நம்புவதில்லை. கண் என்ன பார்க்கிறது, பாதமும் மூட்டும் என்ன உணர்கின்றன என்பதையும் சேர்த்துப் பார்க்கிறது. மூன்றும் ஒத்துப்போனால் நாம் நிலையாக நிற்கிறோம். ஒன்று முரண்பட்டால் தலை சுற்றுகிறது. விசைப்படகில் முதல் தடவை கடலுக்குப் போகிறவருக்குக் குமட்டிக்கொண்டு வருவதும் இதனால்தான். அறைக்குள் உட்கார்ந்திருந்தால் "எதுவும் அசையவில்லை" என்று கண் சொல்லும், "ஆடுகிறது" என்று காது சொல்லும். வெளியே வந்து தொடுவானத்தைப் பார்த்தால் கொஞ்சம் தேறுவதற்கும் அதுவே காரணம். பல நாள் கடலில் இருந்து திரும்பியவருக்குத் தரையே ஆடுவது போலிருக்கும். பெரும்பாலும் ஓரிரு நாளில் தானே சரியாகி விடும்.

காதைச் சந்தேகித்தவர்கள்

தலை சுற்றினால் கோளாறு தலையில்தான் இருக்க வேண்டும் என்று நினைப்பது நம்மூர்ப் பழக்கம் மட்டுமல்ல. ஐரோப்பிய மருத்துவர்களும் நெடுங்காலம் அப்படித்தான் நினைத்தார்கள். மூளையில் ரத்தம் தேங்கிவிட்டது என்று சொல்லி ரத்தத்தை வெளியேற்றி வைத்தியம் பார்த்தார்கள்! 1861-ல் பாரிஸில் காது கேளாதோர் நிறுவனத்தின் மருத்துவராக இருந்த புரோஸ்பர் மெனியேர், காது இரைச்சலும் காது மந்தமும் சேர்ந்து வரும் தலைசுற்றலுக்குக் காரணம் உள்காதுதான் என்று எடுத்துச் சொன்னார். அவர் பெயரில்தான் இன்றும் ஒரு நோய் அழைக்கப்படுகிறது.

அடுத்து வந்தவர் வியன்னாவைச் சேர்ந்த ராபர்ட் பாராணி. நோயாளிகளின் காதைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவும்போது சிலருக்குத் தலை சுற்றியது. தண்ணீர் குளிர்ந்திருந்தால் கண்மணி ஒரு பக்கமும், சூடாக இருந்தால் எதிர்ப் பக்கமும் துடித்தது. இதிலிருந்து அவர் உள்காதைச் சோதிக்கும் முறையையே உருவாக்கினார். 1914-ம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டபோது, முதல் உலகப் போரில் பிடிபட்டு ரஷ்யச் சிறை முகாமில் இருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

மூன்றாமவர் அமெரிக்காவின் ஜான் எப்லி. இடம் மாறிய காதுத் துகளை, தலையை முறையாகத் திருப்பியே பழைய இடத்துக்குக் கொண்டுவர முடியும் என்று 1980-ல் எடுத்துச் சொன்னார். "ஆளைப் படுக்க வைத்துத் தலையைத் திருப்பினால் நோய் போகுமா?" என்று சக மருத்துவர்கள் முதலில் நம்பவில்லை. இன்று உலகமெங்கும் அவர் பெயரில்தான் அந்த முறை நடக்கிறது.

எவ்வளவு நேரம் சுற்றுகிறது?

ஐம்பத்தைந்து வயது அம்மா ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் படுக்கையில் புரண்டு படுத்தவுடன் வீடே சுழல்கிறது. கண்ணை இறுக மூடிக்கொள்கிறார். அரை நிமிடத்தில் நின்று விடுகிறது. பிறகு பரண் மேலிருந்து டப்பாவை எடுக்க அண்ணாந்து பார்த்தபோது மறுபடியும் சுழல்கிறது. அடிபம்பில் குடத்தை எடுக்கக் குனிந்தபோது மறுபடியும். ஆனால் காது நன்றாகக் கேட்கிறது, பேச்சு தெளிவாக இருக்கிறது.

இதுதான் துகள் இடம் மாறிய நோய். கூட்டத்திலிருந்து பிரிந்த துகள்கள் அரைவட்டக் குழாய்க்குள் விழுந்து விடுகின்றன. தலை அசைந்து நின்ற பிறகும் துகள் உருண்டுகொண்டே இருப்பதால், "இன்னும் சுற்றுகிறது" என்று மூளை ஏமாந்து போகிறது. வயதானவர்களுக்கும், பெண்களுக்கும், தலையில் அடிபட்டவர்களுக்கும் அதிகம் வரும். காது மூக்கு தொண்டை மருத்துவர் ஆளைச் சட்டென்று படுக்க வைத்து, கண்மணி துடிப்பதைப் பார்த்தே எந்தக் காது என்று சொல்லி விடுவார். அதற்கு ஸ்கேன் தேவையில்லை. பிறகு எப்லி முறையில் தலையைப் படிப்படியாகத் திருப்புவார். பெரும்பாலானவர்களுக்கு ஓரிரு முறையிலேயே சரியாகி விடும்.

ஆனால் நடப்பது என்ன? அந்த அம்மா மருந்துக் கடைக்குப் போகிறார். சின்னாரிசினோ, புரோகுளோர்பெரசினோ கிடைக்கிறது. இவை சில நாட்களுக்கு வாந்தியையும் சுற்றலையும் அடக்கும், அவ்வளவே. உருண்ட துகளை எந்த மாத்திரையும் திருப்பி அனுப்பாது. மாதக்கணக்கில் விழுங்கினால் மூளை தானாகச் சமாளித்துக்கொள்வதும் தாமதமாகும். வயதானவர்களுக்கு நடுக்கு வாதம் போலக் கை நடுக்கமும் வரலாம். பிறகு அந்த நடுக்கத்துக்கு ஒரு வைத்தியம்!

கழுத்து எலும்புக் கதையும் இப்படித்தான். ஐம்பது வயதைத் தாண்டிய யார் கழுத்தை எக்ஸ்ரே எடுத்தாலும் ஏதாவது தேய்மானம் தெரியும். தேய்மானம் இருக்கிறது என்பதாலேயே தலைசுற்றலுக்கு அதுதான் காரணம் என்று ஆகிவிடாது.

சுற்றல் 20 நிமிடத்திலிருந்து பல மணி நேரம் வரை நீடித்து, காதில் இரைச்சலும் அடைப்பும் சேர்ந்தால் மெனியேர் நோயாக இருக்கலாம். சளி காய்ச்சலுக்குப் பின் திடீரென்று தொடங்கி நாள் கணக்கில் நிற்காமல் சுற்றினால் காது நரம்பு வீக்கமாக இருக்கலாம். ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்குத் தலை வலிக்காமலேயே சுற்றல் மட்டும் வருவதும் உண்டு. ஆக, கடிகாரத்தைப் பார்த்து வைத்துக்கொண்டாலே பாதி நோய் தெரிந்த மாதிரி.

எழுந்தால் இருட்டுகிறதா?

படுத்திருக்கும்போதும் சுற்றினால் காதைச் சந்தேகிக்கலாம். எழுந்து நிற்கும்போது மட்டும் கண் இருட்டினால் ரத்த ஓட்டத்தைச் சந்தேகிக்க வேண்டும். நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் ரத்த அழுத்தம் 20 அளவுக்கோ, கீழ் அழுத்தம் 10 அளவுக்கோ இறங்கினால் அது கோளாறு என்று கணக்கு.

துறைமுக யார்டிலும் கன்டெய்னர் மேலும் வெயிலில் வேலை செய்பவருக்கு வியர்வையிலேயே உடம்புத் தண்ணீர் போய்விடும். வயிற்றுப்போக்கு வந்தவருக்கும் அதே நிலைதான். தண்டையார்பேட்டையில் இருக்கும் மாநகராட்சித் தொற்றுநோய் மருத்துவமனைக்குக் காலராவும் வாந்திபேதியுமாக வந்தவர்களுக்கு முதல் வைத்தியம் தண்ணீரும் உப்பும்தான். அவர்களின் மயக்கத்துக்குக் காரணம் தலையும் இல்லை, பித்தமும் இல்லை, வற்றிப்போன ரத்த ஓட்டம்.

அடுத்தது ரத்தசோகை. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. காலையில் டீயும் பன்னும் மட்டும் சாப்பிட்டுவிட்டு வேலைக்கு ஓடும் பெண்ணுக்கு மயக்கம் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது ஹீமோகுளோபின்.

பிபி ஏறினால் மயக்கம் வரும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பிபி மாத்திரையால் அழுத்தம் அதிகமாக இறங்கி மயக்கம் வருவதும் சகஜம். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப் போட்டால் ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கி, வியர்த்து, கை நடுங்கி மயக்கம் வரும். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வந்து மாத்திரை கொடுத்தார்கள். யாரிடம் மாத்திரை வாங்கினாலும், "எழுந்து நின்னா இருட்டுதும்மா, நிக்க வெச்சு பிபி பாருங்க" என்று ஒரு வார்த்தை கேட்பது நல்லது. அதற்காக மாத்திரையைத் தானாக நிறுத்திவிடக் கூடாது. இதயத் துடிப்பு தாறுமாறாகி மயங்கி விழுபவர்களும் உண்டு. நெஞ்சு வலியோ படபடப்போ சேர்ந்து வந்தால், அல்லது உழைத்துக்கொண்டிருக்கும்போதே விழுந்தால், உடனே ஈசிஜி எடுக்க வேண்டும்.

காற்றே காரணமானால்?

வடசென்னையில் இன்னொரு காரணத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2013-ல் தண்டையார்பேட்டையில் திருவொற்றியூர் நெடுஞ்சாலைப் பகுதி வீடுகளின் ஆழ்துளைக் கிணறுகளில் தண்ணீரோடு எண்ணெயும் வந்தது. நிலத்தடி எண்ணெய்க் குழாயில் ஏற்பட்ட கசிவு! பெட்ரோலிய ஆவியைச் சுவாசித்தால் தலைவலி, குமட்டல், தலைசுற்றல் வரும். 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி எண்ணூர் பெரியகுப்பம் அருகே உரத் தொழிற்சாலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. கண் எரிச்சல், மூச்சுத்திணறல், மயக்கம் என்று பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள்.

இதற்கு ஓர் எளிய அடையாளம் உண்டு. ஒருவருக்குத் தலை சுற்றினால் காரணம் அவர் உடம்பில் இருக்கும். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சுற்றினால் காரணம் காற்றில் இருக்கிறது. அப்போது எலுமிச்சம்பழம் தேடக் கூடாது, முதலில் இடத்தை விட்டு வெளியேற வேண்டும். மழை வெள்ளத்தில் கரண்ட் போனால் மூடிய வீட்டுக்குள் ஜெனரேட்டர் ஓட்டுவது இதே ஆபத்துதான். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. மீன் அழுகிய படகுக் கிடங்கிலோ, கழிவுநீர்த் தொட்டியிலோ ஒருவர் மயங்கி விழுந்தால், தூக்குவதற்காகப் பின்னாலேயே இறங்குபவரும் விழுவார். தீயணைப்புத் துறையைக் கூப்பிடுவதே வழி.

தள்ளாடுபவர் எல்லாம் குடித்தவர் அல்ல

சாலையோரத்தில் ஒருவர் தள்ளாடி நடக்கிறார், பேச்சு குழறுகிறது, வாந்தி எடுக்கிறார். போகிறவர்கள் என்ன சொல்வார்கள்? "காலைலயே ஊத்திக்கினு வந்துட்டான் பாரு." அவ்வளவுதான், யாரும் கிட்டே போக மாட்டார்கள்.

அவர் ஒரு சொட்டும் குடிக்காதவராக இருக்கலாம். சர்க்கரை இறங்கியிருக்கலாம். அல்லது சிறுமூளைக்குப் போகும் ரத்தக் குழாய் அடைத்திருக்கலாம். சிறுமூளைப் பக்கவாதத்தில் கை கால் விழாமலேயே வெறும் சுற்றலும் வாந்தியும் தள்ளாட்டமும் மட்டும் வருவதுண்டு. முதல் சில மணி நேரத்தில் எடுக்கும் சிடி ஸ்கேனில்கூட அது தெரியாமல் போகலாம். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். "குடிச்சிட்டு விழுந்து கெடக்குறாரு, தெளிஞ்சா எழுந்திருப்பாரு" என்று காத்திருந்தால் அந்த நேரம் திண்ணையிலேயே போய்விடும். உண்மையிலேயே குடித்திருந்தாலும் பக்கவாதம் வராது என்று யாரும் உத்தரவாதம் கொடுக்க முடியாது.

தலைசுற்றலோடு கீழ்க்கண்டவற்றில் ஒன்று சேர்ந்தாலும் உடனே 108-ஐ அழைத்துப் பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும்:

* பேச்சு குழறுதல், விழுங்க முடியாமை
* இரட்டை இரட்டையாகத் தெரிதல்
* முகம் கோணுதல், கை கால் மரத்தல் அல்லது பலம் குறைதல்
* பிடிமானம் இல்லாமல் நிற்கவோ உட்காரவோ முடியாமை
* இதுவரை வராத கடும் தலைவலி
* திடீரென்று ஒரு காது கேட்காமல் போதல்

இன்னொரு வகைத் தள்ளாட்டம் மெதுவாக வருவது. நெடுநாள் சர்க்கரையால் பாதத்தில் உணர்வு குறைந்தவர் பகலில் நன்றாக நடப்பார். இரவில் விளக்கணைத்தால் தடுமாறுவார். பாதம் சொல்ல வேண்டிய சேதியை அதுவரை கண் சொல்லிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். காசநோய்க்கு முன்பு பரவலாகப் போட்ட ஸ்ட்ரெப்டோமைசின், இன்றும் புழக்கத்தில் உள்ள ஜென்டாமைசின் போன்ற ஊசிகள் சிலருக்கு உள்காதின் சமநிலை உறுப்பையே பாதித்து இதே நிலையை உண்டாக்கும். இவர்களுக்குக் கழிவறைப் போகும் வழியில் ஒரு சின்ன விளக்கும், சுவரில் ஒரு கைப்பிடியும் மாத்திரையைவிட அதிகம் உதவும். இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் விழுந்த பெரியவர்களை எல்லோரும் பார்த்திருப்போம்.

டாக்டரிடம் என்ன சொல்வது?

அரசு மருத்துவமனை புறநோயாளிப் பிரிவில் கூட்டம் அதிகம், ஒருவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். "மயக்கமா இருக்கு சார்" என்று மட்டும் சொன்னால் அந்த நிமிடங்கள் வீணாகிப் போகும். அதற்குப் பதிலாக, "படுக்கையில வலப்பக்கம் திரும்பினா அரை நிமிஷம் சுத்துது, அப்புறம் நின்னுடுது, காது நல்லா கேக்குது" என்று சொல்லிப் பாருங்கள். அந்த ஒரு வாக்கியத்திலேயே நோய் கிட்டத்தட்ட தெரிந்துவிடும். சாப்பிடும் மாத்திரைச் சீட்டுகளை ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். சுற்றும் நேரத்தில் வீட்டிலிருப்பவர் செல்போனில் கண்களை வீடியோ எடுத்து வைத்தால் இன்னும் நல்லது. கண்மணி எந்தப் பக்கம் துடிக்கிறது என்பது மருத்துவருக்குப் பெரிய துப்பு.

தலை சுற்றுவது ஒரு நோய் அல்ல. பல நோய்கள் வந்து தட்டும் ஒரே கதவு அது. பித்தம் என்றோ பிபி என்றோ கதவைத் திறக்காமலே பெயர் வைத்துவிட வேண்டாம். அடுத்த முறை வீட்டில் யாராவது "மயக்கமா இருக்கு" என்றால், மாத்திரை வாங்க ஓடுவதற்கு முன் பக்கத்தில் உட்கார்ந்து, "எப்ப வருது, எவ்ளோ நேரம் இருக்கு, கூட வேற என்ன பண்ணுது?" என்று கேளுங்கள். அதற்கு ஒரு பைசா செலவில்லை!